கட்டில் கொள்ளாத கப்பல்

என் மடத்தனத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அடுத்தவர் குணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்த பிறகு சொன்னால், தப்பிக்கப் பார்க்கிறான் என்பார்கள்.

கொடைக்கானலிலிருந்து பூம்பாறைக்குப் போகிற வழியில், மேகம் காலுக்குக் கீழே நகர்கிற உயரத்தில், ஒரு சொகுசு யாட், பணக்காரர்கள் உல்லாசமாகப் போகிற கப்பல், நிற்கிறது. வெள்ளை உடம்பு, இடுப்பில் நீலக் கோடு, பள்ளத்தாக்கைப் பார்த்து நீட்டிய மூக்கு, வட்ட வட்ட ஜன்னல்கள், மேல்தளத்தில் பளபளவென்று ஒரு ஸ்டீயரிங். சுற்றுலா வேன்கள் ஓரம் கட்டிப் படம் எடுத்துக்கொண்டு போகின்றன. கப்பல் உருவத்தில் கட்டிய தங்கும் விடுதி அது; வரைந்தவன் நான். கப்பலில் நான் கால் வைத்ததில்லை. என் நீர்வழிப் பயணம் மொத்தமும் கொடைக்கானல் ஏரியில் மிதி படகில் போனதுதான். அதையும் கரையோரப் பாசியில் கொண்டுபோய்ச் சொருகி, படகுத்துறை ஆள் ஒருவர் கயிறு கட்டி இழுக்கும்படி ஆயிற்று. பஸ் நாலு வளைவு திரும்பினால் எனக்குக் குடல் வாய்க்கு வந்துவிடும். இப்படிப்பட்ட ஒருவனிடம் வந்து யாட் வரையச் சொன்ன மனிதருக்குப் புத்தி கெட்டுவிட்டதா என்றால், இல்லை. அவர் காதில் யாட்டைப் போட்டதே நான்தான். அதுவும் கிண்டலுக்கு.

மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் டிராயிங் மாஸ்டராக இருந்தேன். பிள்ளைகள் வரைவதைவிட நான் கரும்பலகையில் கேலிச்சித்திரம் வரைவது அதிகம் என்று நிர்வாகம் கண்டுபிடித்த பிறகு வெளியே வந்து, காட்டேஜ்களுக்கு உள் அலங்காரம் செய்து பிழைக்கிறேன். தேனிலவுக்காரர்களுக்கு இதய வடிவில் தலைமாட்டுப் பலகை, குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு அதையே கழற்றிவிட்டு மாட்டுகிற மயில். இதுதான் என் கலை.

அந்த மனிதர் ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்திருக்கிறவர். மண்டிக்காரர் என்றே சொல்கிறேன். ஒரு பழைய பேரிக்காய்த் தோட்டத்தை வாங்கிப்போட்டு, என்ன கட்டலாம் என்று கேட்க என்னைக் கூட்டிப் போனார். சாயங்காலம். நாங்கள் போய் நின்ற நேரம், கீழே பள்ளத்தாக்கு முழுக்கப் பனி ஏறி, விளிம்புவரை ததும்பி நின்றது. எதிர்மலையின் உச்சி மட்டும் தீவு மாதிரி தெரிந்தது.

"என்ன கட்டலாம் சாரு? ஊர்ல ஒருத்தன் கட்டாத மாதிரி இருக்கணும்."

"அண்ணே, இதுல ஒரு கப்பல விட்டா டீசலே இல்லாம ஓடும்ண்ணே."

சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. பனியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, துபாயில் சொந்தக்காரர் வீட்டுப் பிறந்தநாளுக்கு யாட் ஒன்றை வாடகைக்கு எடுத்துப் போன கதையைச் சொன்னார். அதில் வேலைக்காரர்கள் நடமாடுவதற்கு என்று தனியாகச் சந்து இருந்ததாம். சாப்பாடு வந்ததாம், தட்டு போனதாம், கொண்டுவந்தவன் மூஞ்சி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லையாம். அவருக்கு அதுதான் பிடித்திருந்தது. கடலைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"வரைங்க சாரு," என்றார்.

எனக்கு இருக்கிற வியாதி என்னவென்றால், நான் சொல்லும் கேலியை ஒருவர் நிஜம் என்று எடுத்துக்கொண்டால் அதை மறுக்க மாட்டேன். கூட நாலு கேலி சேர்ப்பேன். மண்டிக்காரருக்கு இருக்கிற வியாதி, அவருக்குக் கேலி புரியாது. இந்த இரண்டு வியாதியும் சேர்ந்து கட்டியதுதான் அந்தக் கப்பல்.

தோட்டத்தில் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. காவலுக்கு ஒரு புருஷனும் பெண்சாதியும். அந்தப் புருஷன் மண்டிக்காரரின் மண்டியிலேயே லோடு மேனாக இருந்தவர். ஒருநாள் வெங்காய மூட்டை அடுக்கு சரிந்து இடுப்பில் விழுந்தது. அதோடு எழுந்து நடக்கிற சோலி முடிந்தது. மண்டிக்காரர் கைவிடவில்லை. தோட்டக் காவலைப் பெண்சாதிக்குக் கொடுத்து, இருவரையும் மலைமேல் கொண்டுவந்து வைத்தார். இதை அவர் என்னிடமே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். சொல்லும்போதெல்லாம் அந்தப் புருஷன் பக்கத்தில் இருக்கிற மாதிரி பார்த்துக்கொள்வார்.

அந்தப் பெண்சாதியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். சின்ன வயதில் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து தாய் தகப்பனோடு கப்பலேறி வந்தவர். ஆமாம், அந்த மலையில் நிஜமாகக் கப்பலில் கடல் தாண்டிய ஒரே ஆள் அவர்தான். அதைப் பற்றி ஒரு நாளும் நான் கேட்கவில்லை. வரைபடத்தைத்தான் காட்டிக்கொண்டிருந்தேன்.

"தேத்தண்ணி குடிங்க தம்பி," என்று கறுப்பாக, சர்க்கரை தூக்கலாகக் கொடுப்பார். கொட்டகைக்குள் இரும்புக் கட்டில் ஒன்று. ஆஸ்பத்திரியில் கழித்துப் போட்டது. கைப்பிடியைச் சுற்றினால் தலைப்பக்கம் மேலே வரும். அதில்தான் அந்த மனிதர் கிடந்தார். தரையில் படுக்கப் போட்டால் அவரைத் தூக்கி உட்கார வைக்க அக்கா ஒருத்தியால் ஆகாது. கைப்பிடிக் கட்டில் இருந்தால் சுற்றிவிடலாம். அந்த வீட்டில் மனிதனைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது அந்தக் கைப்பிடிதான்.

கப்பலுக்குக் கார் நிறுத்த இடம் வேண்டுமே. நான் அதற்குப் படகுத்துறை என்ற அர்த்தத்தில் 'ஜெட்டி' என்று பெயர் எழுதி அம்புக்குறி போட்டேன். அம்புக்குறியின் நுனி கொட்டகைமேல் போய் நின்றது.

"அதுக்கென்ன, பிரிச்சிருவோம்," என்றார் மண்டிக்காரர். அக்காவைக் கூப்பிட்டார். "இந்தா பாரு, கப்பலுக்குள்ளயே ஒங்களுக்கு ரூம்பு. இனி தகரத்துல மழ கொட்டுற சத்தம் இல்லாமத் தூங்கலாம். சாரு வரைஞ்சு தருவாரு."

அக்கா என்னைப் பார்த்தார். அறையை அவர் தேயிலைத் தோட்டத்து வழக்கப்படி காம்பரா என்றுதான் சொல்வார்.

"காம்பராவுல கட்டில் கொள்ளுமா தம்பி?"

"கட்டில் என்னக்கா, கச்சேரியே வைக்கலாம்," என்றேன்.

அப்போது நிஜமாகவே நல்ல அறையாகத்தான் போட்டிருந்தேன். கப்பலின் மூக்குக்குக் கீழே, தரையை ஒட்டி. கிழக்கே ஒரு ஜன்னல், அடுப்பு வைக்க ஒரு மேடை, தோட்டத்துக்கு இறங்க ஒரு கதவு. கட்டிலைப் போட்டாலும் சுற்றிவர நடக்கலாம்.

பிறகு நான் யாட் படிக்க ஆரம்பித்தேன். யூடியூப்தான் குரு. ராத்திரியும் பகலுமாகப் பார்த்தேன். வெளியழகு ஒரு பக்கம் இருக்கட்டும், உள்ளே செய்திருக்கிற வேலையைப் பார்த்து வாய் பிளந்தேன். கடல் ஆடும் என்பதால் யாட்டில் மேஜை நாற்காலி எல்லாவற்றையும் தரையோடு திருகி முடுக்கிவிடுவார்கள். அலமாரிக் கதவு தானாகத் திறந்துகொள்ளாதபடி கொக்கி. மேஜையின் விளிம்பில், கிளாஸ் சறுக்கி விழாதபடி விரல் உயரத்துக்கு வரப்பு. நான் ஒன்றைக்கூட விடவில்லை. பாறையில் அடித்தளம் போட்ட வீட்டில் நாற்காலிகளைத் தரையோடு முடுக்கினேன். இன்றைக்கும் அங்கே சாப்பிட உட்காருகிறவர்கள் நாற்காலியை இழுக்கப் பார்த்து, அது வராமல், வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு உட்காருகிறார்கள். மேஜை வரப்பைத் தாண்டித் தோசை பிய்ப்பதற்குத் தனிப் பழக்கம் வேண்டும்.

கூரைமேல் யாட்டுக்கு ரேடார் உருண்டை ஒன்று இருக்கும். நம் கப்பலுக்குத் தண்ணீர்த் தொட்டியை வெள்ளையடித்து உருண்டையாக்கி மேலே வைத்தேன். குழாய் மட்டும் பின்பக்கமாக இறங்குகிறது. படுக்கையறையில் வளைந்த தேக்கு வெனீர் சுவர். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாத விளக்குகள். தலை இடிக்கும் உயரத்தில் கண்ணாடிக் கூரை; படுத்திருப்பவர் தன்னையே பார்த்துக்கொண்டு படுத்திருக்க வேண்டும். எனக்கு அது நரகம். மண்டிக்காரருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

"நீங்க வரையிறதுல தண்ணி ஒண்ணுதான் கொறச்சல்," என்றாள் என் மனைவி. அவள் அதே மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். இன்னும் இருக்கிறாள், கேலிச்சித்திரம் வரையத் தெரியாததால்.

அக்காவின் அறை சாப்பிடப்பட்டது அதற்குப் பிறகு. ஒரே வாயில் இல்லை. கொறித்துக் கொறித்து.

முதலில் பேட்டரி. மலையில் கரண்ட் போனால் விளக்கு எரியப் பெரிய பேட்டரி வரிசை வேண்டும். "அத எங்க வைக்க? கெஸ்ட்டு கண்ணுல படக்கூடாது," என்றார். கண்ணில் படாத இடம் ஒன்றுதான் இருந்தது. அக்காவின் அடுப்பு மேடை போயிற்று.

அடுத்து பாட்டில் அலமாரி. துபாய் யாட்டில் கண்ணாடிக் கதவு போட்ட, உள்ளே குளிராக இருக்கிற பாட்டில் அலமாரி இருந்ததாம். மண்டிக்காரருக்குக் குடிக்கிற பழக்கம் கிடையாது. பார்த்தது இங்கேயும் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதன் முகம் மேலே கூடத்தில் தெரிய வேண்டும், முதுகும் மோட்டாரும் கீழே போக வேண்டும். ஒரு சுவர் உள்ளே நகர்ந்தது. இன்றுவரை அந்த அலமாரியில் பன்னீர் சோடாதான் வரிசையாக நிற்கிறது.

மூன்றாவது நான். படத்தைக் காட்டிக்கொண்டிருக்கும்போது, சும்மா இருக்க முடியாமல், "அண்ணே, லைஃப் ஜாக்கெட் வைக்க எடமே இல்லியே, பனியில யாராச்சும் முங்கிட்டா என்ன பண்றது?" என்றேன்.

மண்டிக்காரர் மோவாயைச் சொறிந்தார். "அட, ஆமால்ல," என்றார்.

ஆரஞ்சு நிறத்தில் லைஃப் ஜாக்கெட்டுகள் வந்தன. ஒரு மலைமேல். குழந்தைகள் போட்டுக்கொண்டு படம் எடுப்பார்கள் என்று அவர் கணக்கு. அது சரியாகவும் இருந்தது. அதை மாட்டி வைக்கிற இடமும் கீழேதான். இன்னொரு சுவரும் நகர்ந்தது. கடைசியில், வெளியே மூக்கில் நங்கூரம் தொங்க வேண்டும் என்று தோன்றியபோது, அது அக்காவின் ஜன்னலை நேராக மறைத்தது. ஜன்னலை அடைத்துவிட்டோம்.

"சாரே, இது ரூமா, பீரோவா?" என்றார் கொத்தனார், சாந்துச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு.

"ஸ்டாஃப் கேபின்," என்றேன்.

"ஆளு நின்னுக்கிட்டுத் தூங்குவாரோ?"

ஒவ்வொரு முறை சுவர் நகர்ந்ததும் அக்கா வேலை நடக்கும் இடத்துக்கு வருவார். திட்ட மாட்டார். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு நின்று, அதையே கேட்பார்.

"கட்டில் கொள்ளுமில்ல தம்பி?"

"கொள்ளும்க்கா."

கடைசியில் நானே டேப் வைத்து அளந்தேன். கொண்டது. கதவு உள்ளே திறந்தால் கட்டிலில் இடிக்கிறது என்று வெளியே திறக்கும்படி மாற்றினேன். நீளவாக்கில் கட்டிலைச் செருகினால் தலைமாட்டுக் கைப்பிடியைச் சுற்றக் கை போகாது. அதனால் கால்மாட்டுப் பக்கம் உள்ளே போகும்படி திருப்பிச் செருக வேண்டும். அப்போது அவர் தலை வாசலுக்கு வரும். பனிக்காற்று நேரே தலையில்.

"கட்டிலப் போட்டுட்டு நீங்க அதுமேல ஏறித்தான்க்கா உள்ள போகணும். கப்பல்ல எல்லாருக்கும் அப்படித்தான். இத்துனூண்டு எடத்துல படுத்துப் பழகினாத்தான் கப்பக்காரன்," என்றேன்.

அக்கா கட்டிலுக்குப் போட்ட சுண்ணாம்புக் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "போதும் தம்பி. மழ ஒழுகாதுல்ல?" என்றார்.

"கப்பல்க்கா! ஒழுகுனா முங்கிருமே!"

அவர் சிரித்தார். என் கேலிக்கு அந்த மலையில் அதுவரை சிரித்த ஒரே ஆள்.

கேப்டனும் நான் போட்டதுதான். கணினியில் கப்பலை முழு வண்ணப் படமாகச் செய்தபோது, ஏறுகிற படிக்கட்டுக்குப் பக்கத்தில் வெறுமையாக இருந்தது. வெள்ளை உடுப்பும் தொப்பியும் போட்டு, சல்யூட் அடிக்கிற ஒரு கேப்டனை வரைந்து நிறுத்தினேன். மண்டிக்காரர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இந்த ஆளுக்கு எங்க போறது?"

"ஒங்க கொட்டகையில ஒருத்தர் சும்மாதான படுத்துக் கெடக்காரு," என்றேன். நாக்கு அது பாட்டுக்குச் சொல்லிவிட்டது.

"அட! உக்காந்துக்கிட்டே அடிக்கலாம்ல சல்யூட்டு!" என்றார் அவர். அவர் கண் மின்னிய விதத்தைப் பார்த்ததும் இது இனி நிற்காது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உடுப்பு தைக்க அளவு எடுக்கப் போனதும் நானே. படுத்திருந்த மனிதர் கையை நீட்டச் சொன்னால் நீட்டினார்.

"எதுக்கு சாரு?"

"ஒங்களக் கேப்டனாக்குறோம்ண்ணே."

"மூட்ட தூக்க வேணாமே?" என்று கேட்டார். அவருக்கும் கேலி வரும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

பால் காய்ச்சும் நாளுக்கு முந்தின நாள் கொட்டகையைப் பிரித்தார்கள். விடிந்தால் கார்கள் வந்து நிற்க வேண்டுமே. விசேஷம் முடியும்வரை கப்பலுக்குள் யாரும் போகக்கூடாது என்று மண்டிக்காரர் வீட்டம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், அன்று ராத்திரி அக்காவும் புருஷனும் பேரிமரத்தடியில் தார்ப்பாயைக் கட்டி அதற்குள் கட்டிலைப் போட்டுக்கொண்டார்கள். ஒரு ராத்திரிதானே என்று எல்லோரும் சொன்னோம். சாரல் விட்டுவிட்டுப் பெய்தது.

மறுநாள் வெள்ளனே நான் போனபோது, கேப்டன் தயாராக இருந்தார். வெள்ளை உடுப்பு, பொன்னிறப் பொத்தான், தொப்பி. தார்ப்பாயில் ஒழுகிய தண்ணீர் பட்டு ஒரு தோள்பட்டை மட்டும் நனைந்திருந்தது. நாற்காலியோடு தூக்கிப் படிக்கட்டுப் பக்கத்தில் வைத்தார்கள். வருகிறவர்கள் எல்லாம் அவரோடு படம் எடுத்துக்கொண்டார்கள். மண்டிக்காரர் சொல்லிக் கொடுத்தபடி, யார் சிரித்தாலும் சல்யூட் அடித்தார்.

அப்போதுதான் மாடு வந்தது.

இதை நான் யோசித்திருக்கவே இல்லை. எங்கள் கிறிஸ்தவ வீட்டுப் புதுமனைக்கு ஃபாதர் வருவார், ஜெபம் செய்வார், ஒவ்வொரு அறையாகத் தண்ணீர் தெளிப்பார், கேக் சாப்பிடுவார், போய்விடுவார். அவருக்கு எந்தப் படிக்கட்டானாலும் சரி. ஆனால் பால் காய்ச்சுகிற வீட்டுக்குள் முதலில் பசுவும் கன்றும் போக வேண்டும்; பிறகுதான் வீட்டுக்காரர்கள். நான் வரைந்த யாட்டுக்கோ, ஏற ஒரே வழி: துபாய் யாட்டில் இருப்பது மாதிரியே செங்குத்தாக, இரும்புச் சல்லடைப் படிகள், இரண்டு பக்கமும் கண்ணாடி. கீழே பார்த்தால் பள்ளம் தெரியும். பசு முதல் படியில் ஒரு குளம்பை வைத்தது. கீழே தெரிந்த பள்ளத்தைப் பார்த்தது. குளம்பை எடுத்துக்கொண்டது. அந்தக் கப்பலைப் பார்த்துச் சரியாக முடிவெடுத்த ஒரே உயிர் அது.

மாட்டுக்காரர் முன்னால் இழுத்தார், நாலு பேர் பின்னால் தள்ளினார்கள். வாலை முறுக்கினார்கள். பசு நாலு காலையும் ஊன்றிக்கொண்டது.

"நேரம் போயிண்டிருக்கு," என்றார் ஐயர்.

"சாரு, என்னய்யா படி போட்டிருக்கீரு! ஒரு மாடு ஏற முடியல," என்று மண்டிக்காரர் எல்லார் முன்னாலும் கத்தினார். "நாளைக்கு எவன் ஏறுவான்?"

எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. அப்படிச் சுண்டுகிற நேரத்தில் நான் செய்வது ஒன்றுதான். கேலி.

"மாடு என்ன கெஸ்ட்டாண்ணே, படியேறி வர? ஸ்டாஃப் வழியா விட்டுருங்க."

கூட்டம் சிரித்தது. கேப்டன் சல்யூட் அடித்தார். மண்டிக்காரர் சிரிக்கவில்லை. மூக்குக்குக் கீழே, தரையை ஒட்டி இருந்த அந்தக் கதவைப் பார்த்தார்.

"வெரசா கொண்டாங்கய்யா!"

அக்கா அந்தக் கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார், சுருட்டிய படுக்கையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு. விசேஷம் முடிந்ததும் கட்டிலை உள்ளே போட்டுவிடலாம் என்று. மாடு வருவதைப் பார்த்து ஒதுங்கினார். பசு தயங்காமல் உள்ளே போனது. தலை எதிர்ச்சுவரில் முட்டியது. வால் வாசலில் நின்றது. அறை நிறைந்துவிட்டது.

உள்ளே போன மாடு வெளியே வர வேண்டுமே. திரும்ப இடமில்லை. வெளியே நின்ற கன்று கத்தியது. பசு அதைப் பார்க்கக் கழுத்தைத் திருப்பி, கொம்பைப் பேட்டரிச் சுவரில் கொடுத்து, இடுப்பை லைஃப் ஜாக்கெட் சுவரில் கொடுத்து, ஆப்பு அடித்த மாதிரி நின்றுகொண்டது. மாட்டுக்காரர் வாலைப் பிடித்து இழுத்தார். நான் அங்கே நின்று, நகர்த்திய சுவர்களை மனதுக்குள் ஒவ்வொன்றாகத் திரும்ப நகர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நெருக்கத்தில் பசு, பயத்தில், சாணி போட்டது. மூத்திரமும் பெய்தது. புதுச் சிமெண்ட் தரை முழுக்க.

மண்டிக்காரர் வீட்டம்மா கையெடுத்துக் கும்பிட்டார். கண்ணில் தண்ணீர்.

"மகாலச்சுமி மொதமொத கால் வச்சு, இருந்து, குடுத்துட்டுப் போற எடம்ங்க இது!"

"அமோகம்," என்றார் ஐயர். அவருக்கு நேரம் தப்பவில்லை என்ற நிம்மதி.

பசுவை ஒருவழியாகப் பின்னுக்கு நகர்த்தி வெளியே எடுத்தார்கள். அக்கா படுக்கையைக் கீழே வைத்துவிட்டு, ஒரு விளக்குமாறும் வாளியும் எடுத்துக்கொண்டு உள்ளே போகக் கிளம்பினார். வீட்டம்மா கையை நீட்டித் தடுத்தார்.

"ஏ, கழுவிராத! அது காயட்டும்." மண்டிக்காரர் பக்கம் திரும்பினார். "இந்த எடத்துல போயி ஆளப் படுக்கப் போடுறதாங்க? இது சாமி ரூம்பா இருக்கட்டும். ஒரு படத்த மாட்டி, வெளக்கு போட்டுருவோம்."

மண்டிக்காரர் தலையாட்டினார். அவ்வளவுதான். தேங்காய் உடைக்க மேலே போக வேண்டியிருந்தது.

அக்கா வாளியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். "அப்ப கட்டில எங்கங்க போடுறது?"

மண்டிக்காரர் படியில் ஒரு காலை வைத்தபடி நின்றார். விருந்தாளிகள் சுற்றி நின்றார்கள். அவருக்குக் கேலி புரியாது என்று சொன்னேனில்லையா? அன்றைக்குக் கேலியே வந்தது. என்னோடு பழகிய தோஷம்.

"ஏலே கேப்டன்! கப்பலே ஒன்னோடதுதானடா! ஒனக்கு எதுக்குடா தனி ரூம்பு?"

எல்லோரும் சிரித்தார்கள். நாற்காலியில் இருந்த மனிதர் சல்யூட் அடித்தார். சிரித்தால் அடிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்களே. அந்த இடத்திலிருந்து அவருக்கு அறையும் தெரிந்திருக்காது, மாடும் தெரிந்திருக்காது. நானும் சிரித்தேன். எந்தப் பயிற்சியும் இல்லாமலே சிரித்தேன்.

சாப்பாடு பிரமாதம். எனக்கு ஒரு பட்டு வேட்டி, வெற்றிலை பாக்கு. படி விஷயத்தை மன்னித்துவிட்டதாக மண்டிக்காரர் தோளில் தட்டினார். சாயங்காலம் பூம்பாறைக்குத் திரும்பிய ஒரு மினி வேனில், காலிப் பூண்டுச் சாக்குகளுக்கு மேல் இரும்புக் கட்டிலை ஏற்றி, அதன்மேல் அந்த மனிதரைப் படுக்க வைத்து, அக்கா காலடியில் உட்கார்ந்துகொண்டார். அக்காவின் தங்கை வீடு பூம்பாறையில் இருந்தது. கிளம்புவதற்கு முன் அக்கா உடுப்பைக் கழற்றி, மடித்து, தொப்பியை அதன்மேல் வைத்து, என்னிடம் கொடுத்தார். நனைந்த தோள்பட்டை இன்னும் காயவில்லை. வேன் புறப்பட்டபோது, பின்னால் நின்ற யாரோ ஒரு விருந்தாளிப் பிள்ளை சிரிக்க, படுத்திருந்தவர் கை தானாக நெற்றிக்குப் போனது.

கப்பல் ஓட ஆரம்பித்துவிட்டது. கூட்டத்துக்குக் குறைவில்லை. ஒருநாள் மண்டிக்காரர் போன் செய்தார்.

"சாரு, கெஸ்ட்டு எல்லாம் கேப்டன் எங்கன்னு கேக்கான். போட்டோவுல பாத்துட்டு வாறான். வேற ஆள வச்சா நின்னுக்கிட்டு அடிக்கான், அது நல்லால்ல. உக்காந்து அடிக்கிறதுல ஒரு இது இருக்கு. நீங்க போயிச் சொல்லுங்க. காலையில வண்டி அனுப்புறேன், சாயங்காலம் கொண்டுவந்து எறக்கி விட்டுருவாங்க."

"ரூமுண்ணே?"

"அதான் சாமி ரூம்பு ஆயிருச்சே சாரு."

தொப்பியையும் உடுப்பையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, ஒரு பாக்கெட் பன்னும் ஆறு ஆரஞ்சுப் பழமும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். நாலாவது வளைவிலேயே கண்டக்டரைக் கூப்பிட்டு விசில் அடிக்கச் சொன்னேன். இறங்கி ஓரமாக உட்கார்ந்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் போனேன்.

தங்கை வீட்டில் பூண்டு காயப்போடும் அறையில் இருந்தார்கள். மேலே உத்தரம் முழுக்கப் பூண்டுக் கொத்துகள் தாளோடு தொங்கின. கீழே, பூண்டு கெடாமலிருக்கப் போட்ட புகை மூட்டம். ஆள் கட்டிலில் இருமிக்கொண்டு கிடந்தார். கைப்பிடியைச் சுற்றினால் தலைப்பக்கம் எழுந்து கொத்துகளில் இடிக்கும் என்பதால், சுற்றாமல் வைத்திருந்தார்கள். பூண்டு விற்கிற வரைக்கும்தான் புகை என்று தங்கை வாசலில் நின்று சொன்னாள். அதற்கு அப்புறம்? அதற்கு அப்புறம் விதைப்பூண்டு அடுக்க அறை வேண்டும் என்றும் சொன்னாள்.

மண்டிக்காரர் சொன்னதைச் சொன்னேன். அக்கா கேட்டுக்கொண்டார். பையைப் பார்த்தார். தேத்தண்ணி என்று ஒரு வார்த்தை வரவில்லை.

"கேப்டன் இல்லாம கப்பல் தவிக்குதாம்ண்ணே," என்று கட்டிலைப் பார்த்துச் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அப்புறம் நிறுத்த முடியவில்லை. பேட்டரியைப் பின்பக்கம் வெளியே தள்ளிவிடலாம் என்றேன். லைஃப் ஜாக்கெட்டை மேல்தளத்தில் மாட்டலாம், ஜெட்டிக்கு ஓரமாக ஒரு சாய்ப்பு இறக்கினால் தனி அறையே வரும், ஜன்னல், அடுப்பு மேடை எல்லாம் வரும், மண்டிக்காரரிடம் நானே பேசுகிறேன் என்றேன். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, பன் பாக்கெட்டைத் திருப்பி அதன்மேல் கோடு போடவும் ஆரம்பித்துவிட்டேன்.

"இந்தா, இங்க கட்டில் வருது பாருங்கக்கா. நாளைக்கே நல்லபடியா வரைஞ்சு எடுத்துட்டு வாறேன். காசெல்லாம் வேணாம்."

அக்கா பன் பாக்கெட்டை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார்.

"வரையாமப் போனாப் போதும் தம்பி."